வள்ளிக்கண்ணு பிரித்த ஸ்வெட்டர்

வள்ளிக்கண்ணுவுக்கு நூல் என்றால் பைத்தியம். கழனிவாசல் ஊரில் அவளைத் தெரிந்த எல்லாருக்கும் அது தெரியும். மளிகைக்கடையிலிருந்து சாமான் வந்தால் மற்ற பெண்கள் பொட்டலத்தைப் பிய்த்துப் பருப்பை டப்பாவில் கொட்டுவார்கள். அவள் முதலில் முடிச்சை அவிழ்த்து, பொட்டலம் கட்டிய நூலை விரலில் சுற்றிக்கொள்வாள். அப்புறம்தான் பருப்பு. அப்படிச் சேர்த்த துண்டு நூல்களை ஒன்றோடொன்று முடிந்து, மஞ்சளிலோ மருதாணியிலோ போட்டுச் சாயமேற்றி, ரேடியோவுக்கு உறை, செம்புக்கு மூடி என்று ஏதாவது பின்னிவிடுவாள்.

பலகாரக் கடையில் காலி மைதாச் சாக்கு கிடந்தால் அவள் கால் அங்கே நின்றுவிடும். சாக்கின் வாய் தைத்த நூலில் சரியான முனை ஒன்று உண்டு. அதைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழு நூலும் ஒரே இழுப்பில் வந்துவிடும். கடைக்காரருக்கு அவளைக் கண்டாலே சிரிப்பு. "சாக்கத் தொடாத ஆத்தா, அதுக்கு வெல இருக்கு. நூல நீ தாராளமா உருவிக்க" என்பார்.

கணவன் சிவசங்கரன் தச்சன். உடைந்த சைக்கிள் கம்பி ஒன்றின் முனையை அரத்தால் ராவிக் கொக்கியாக்கி, தேக்குத் துண்டில் கைப்பிடி போட்டு, குரோஷா ஊசி செய்து கொடுத்திருந்தான். கம்பளி பின்னுகிற நீள ஊசிகளைச் செய்தவர் மாமனார் ஞானசம்பந்தம் ஆசாரி. மூங்கிலைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, கடைசியில் தேங்காயெண்ணெய் தடவிக் கொடுத்தார். "நூலு சிக்காமப் போகுதான்னு பாரு. சிக்குச்சுன்னா இன்னொரு தேய்ப்புத் தேச்சுத் தாரேன்" என்றார். கடையில் விற்கிற ஊசி எதுவும் அந்த வழுவழுப்புக்குக் கிட்ட வராது. ஆனால் அந்த ஊசியில் பின்ன அவளிடம் கம்பளி நூல் கிடையாது. உல்லன் நூல் வாங்குகிற வசதி அந்த வீட்டில் இல்லை. வேலை இருந்தால் சோறு, மழை வந்து வேலை நின்றால் கஞ்சி என்று ஓடிக்கொண்டிருந்த குடும்பம்.

அந்த நாட்களில், அறுபதுகளின் நடுவில், ஊரில் ஒரு மாதர் சங்கம் நவராத்திரியை ஒட்டிக் கைவேலைப் பொருட்காட்சி நடத்திவந்தது. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்றைத் திறந்து கூட்டிப் பெருக்கி, வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றிலும் மேசை போட்டுவிடுவார்கள். ஒரு மூலையில் கண்டாங்கிச் சேலை நெய்கிற தறி. இன்னொரு மூலையில் ராட்டை நூற்கும் பெண்கள். பனையோலைக் கொட்டான்களுக்கு மணி கோத்துப் பின்னிய உறைகள், தலையணை உறையில் கிளிகள், தொட்டில் விரிப்புகள். ஊட்டியிலிருந்து வருகிற உல்லன் வியாபாரி ஒருவர் வாசல் பக்கமாகக் கடை விரித்திருப்பார். முதல் நாள் சாயங்காலம் பெண்களுக்கு அனுமதி இலவசம். வள்ளிக்கண்ணுவும், அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகத் தையல் படித்த பொன்னுத்தாயியும் அந்தச் சாயங்காலத்துக்காகவே வருசம் முழுக்கக் காத்திருப்பார்கள். பொன்னுத்தாயி மானகிரியில் வாழ்க்கைப்பட்டவள். மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, வரப்பு வழியே வேகுவேகென்று நடந்து வந்து சேர்ந்துவிடுவாள்.

இரண்டு பேரும் எதுவும் வாங்கமாட்டார்கள். பார்ப்பார்கள். ஒரு பின்னலின் முன்னால் வள்ளிக்கண்ணு நின்றால், முந்தானைக்குள் அவள் விரல்கள் தானாக அசையும். எங்கே கண்ணி ஏறுகிறது, எங்கே குறைகிறது என்று மனசுக்குள் வாங்கிக்கொண்டு போய், வீட்டில் சாக்கு நூலில் போட்டுப் பார்த்துவிடுவாள். தறிக்காரர் கழித்துப் போடுகிற துண்டு நூல்களைக் கேட்டு வாங்கி மடியில் கட்டிக்கொள்வாள். அதோடு திரும்பும்போது அவளுக்குத் திருவிழாவில் தேர் இழுத்துவிட்டு வருகிற மாதிரி இருக்கும்.

ஊட்டிக்காரர் கடையில்தான் அவளுக்கு முகம் சுருங்கும். அந்த நிறத்தைக் காட்டுங்க, இந்த நிறத்தைக் காட்டுங்க என்று ஒவ்வொரு உருண்டையாக வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். ஒரு வருசம், பின்னால் நின்ற அம்மா ஒருத்தி, "வாங்குறவுகளுக்குக் கொஞ்சம் வழி விடுங்கம்மா" என்றாள். வள்ளிக்கண்ணு உருண்டையை வைத்துவிட்டு நகர்ந்தாள். அந்தச் சூடு அவள் காதில் வீடு வரைக்கும் இருந்தது.

ஞானசம்பந்தம் ஆசாரிக்கு இழுப்பு உண்டு. மழை பிடித்தால் மூச்சு விசில் மாதிரி ஒலிக்கத் தொடங்கி, மார்கழியில் உட்கார்ந்தபடியே தூங்க வேண்டியதாகிவிடும். அவர் காலங்காலமாக வேலை பார்த்த வீடு சிட்டாள் ஆச்சியின் வீடு. நிலை, கதவு, ஊஞ்சல், அலமாரி, எதுவானாலும் அந்த வீட்டுக்கு அவர்தான். ஒரு மார்கழியில் அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு ஆச்சி உள்ளே போய், காலமாகிவிட்ட தன் செட்டியாருடைய ஸ்வெட்டர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கொடைக்கானலில் வாங்கியது. மயில்கழுத்து நிறம். ஆசாரி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தார். அந்தக் குளிரில்தான் பல வருசத்துக்குப் பிறகு படுத்துத் தூங்கினார்.

குளிர் போனதும் ஸ்வெட்டரைத் துவைத்து மடித்து, அந்துருண்டை போட்டுப் பெட்டியில் வைப்பது வள்ளிக்கண்ணுவின் வேலை. அறுபத்தெட்டாம் வருசம் பங்குனியில் அப்படித் துவைத்துக் காயப் போட்டபோது, அதன் நிறம் வெயிலில் பளபளத்துக் கிடந்தது. அவள் அருகில் உட்கார்ந்து அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். கழுத்துப் பட்டையில் ஒரு முனை லேசாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தைத்துவிடலாம் என்றுதான் பிடித்தாள். இழுத்தால் எப்படி வருகிறது பார்ப்போம் என்று ஒரு வரிசை இழுத்தாள். வந்தது. இன்னொரு வரிசை. அதுவும் வந்தது.

அப்போது அவள் மனசு ஒரு கணக்குப் போட்டது. கம்பளி துணி மாதிரி இல்லையே, வெட்டினால் போச்சு என்பதற்கு? பிரிக்கலாம், பின்னலாம், மறுபடியும் பிரிக்கலாம். மாமாவுக்கு மார்கழியில்தான் வேண்டும். அதற்குள் இதில் ஒரு சால்வை பின்னிப் பொருட்காட்சிப் போட்டிக்கு வைத்து, ஊரெல்லாம் பார்த்த பிறகு வாங்கி வந்து பிரித்து, பழையபடி ஸ்வெட்டராகவே பின்னிவிட்டால் யாருக்கு என்ன நட்டம்? ஸ்வெட்டர் அவள் பின்னியதே இல்லை. அதைப் பற்றி அவள் அப்போது யோசிக்கவில்லை.

சித்திரை முழுக்க மத்தியான நேரங்களில் உட்கார்ந்து பிரித்தாள். பிரித்த நூல் சுருள்சுருளாகக் கிடந்தது. அதை வளையமாகச் சுற்றிச் சிட்டமாக்கி, சீயக்காய்த் தண்ணீரில் அலசி, நனைந்த சிட்டத்தின் அடியில் மாமனாரின் சுத்தியலைக் கட்டித் தொங்கவிட்டு நேராக்கினாள். பெரியவர் கேட்டதற்கு, "பொன்னுத்தாயி குடுத்த நூலு மாமா" என்றாள். "நல்ல நெறமா இருக்கே" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். தன் ஸ்வெட்டரின் நிறம் அவருக்கு ஞாபகம் வரவில்லை. அவர் அதை ராத்திரியிலும் விடியற்காலை இருட்டிலும்தான் போட்டிருந்தார்.

ஆடி முடிவதற்குள் சால்வை முடிந்துவிட்டது. பின்னிய நாளெல்லாம் அவள் சந்தோசமாக இருந்தாள், அதைப் பொய் என்று சொல்ல முடியாது. அந்த நூல் விரலில் ஓடுகிற சுகத்துக்கு முன்னால் மற்றதெல்லாம் மறந்துபோயிருந்தது. ஓரம் முழுக்க மாங்காய் வளைவு, நடுவில் வலை மாதிரி மெல்லிய பின்னல். பொன்னுத்தாயி அதை விரித்துப் பார்த்துவிட்டு, "அடி ஆத்தே, இந்த வருசம் நம்மதான்டி" என்றாள். நூல் எங்கே கிடைத்தது என்று அவளுக்கும் சொல்லவில்லை.

பொருட்காட்சியன்று சால்வையை நடு மேசையில் வைத்திருந்தார்கள். அதைச் சுற்றிக் கூட்டம். வள்ளிக்கண்ணு தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிட்டாள் ஆச்சி வந்தார். சால்வையின் ஓரத்தை இரண்டு விரலால் எடுத்து உருட்டிப் பார்த்தார். அப்புறம் தலை நிமிர்ந்து, அவளைக் கண்டுபிடித்து, கிட்டே கூப்பிட்டார்.

"ஆசாரி மருமகதான நீ? நல்லாப் பின்னியிருக்க. இந்த உல்லன் எங்க கெடச்சுது?"

வள்ளிக்கண்ணு வாசல் பக்கம் கை காட்டினாள். "ஊட்டிக்காரர்ட்ட வாங்குனது ஆச்சி. போன வருசம்."

"அப்படியா?" என்றார் ஆச்சி. வாசல் பக்கம் இருந்த கடையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே அந்த நிறம் இல்லை. சால்வையின் ஓரத்தைப் பழையபடி நேராக எடுத்து வைத்துவிட்டு, வேறொன்றும் கேட்காமல் போய்விட்டார்.

முதல் பரிசு அவளுக்குத்தான். மதுரையிலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி ஒருவரின் மனைவி வெள்ளிக் குங்குமச்சிமிழ் ஒன்றை அவள் கையில் கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்ததாக, சங்கத் தலைவி அம்மா மைக்கில், "நம்ம ஊர்ப் பெண்கள் சார்பா இந்தச் சால்வைய நம்ம விருந்தாளிக்கே போத்துறோம்" என்று சொல்லி, அவள் கண் முன்னாலேயே அந்த அம்மாளின் தோளில் அதைப் போர்த்திவிட்டார். மறுபடியும் கை தட்டல். வள்ளிக்கண்ணுவின் கைகளும் தட்டின. விருந்தாளியின் கார் கிளம்பி, தெருமுனை திரும்புகிற வரைக்கும் கண்ணாடி வழியே அந்த மயில்கழுத்து நிறம் தெரிந்தது.

"ஏன்டி அழுகுற, பெருமையில்ல!" என்றாள் பொன்னுத்தாயி.

அந்த வருசம் ஐப்பசி மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. பெரியவருக்கு இழுப்பும் முன்கூட்டியே வந்துவிட்டது. ஒரு காலையில் அவரே பெட்டியைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார்.

"ஆத்தா, ஆச்சி குடுத்த ஸ்வெட்டர எங்க வச்ச?"

அவள் அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. அங்கிருந்தபடியே சொன்னாள். "அத பூச்சி அரிச்சுருச்சு மாமா. பொடிப்பொடியா உதுந்து போச்சு. ஒங்ககிட்டச் சொல்ல மனசு வராம தூக்கிப் போட்டுட்டேன்."

அவர் எடுத்து வைத்த துணிகளை மறுபடி பெட்டிக்குள் அடுக்கினார். பிறகு, "ஒன் மேல தப்பில்ல. நான்தான் வேப்பிலையும் சேத்துப் போடச் சொல்லியிருக்கணும்" என்றார்.

அதோடு முடிந்தது என்று அவள் நினைத்தாள். ஆனால் பெரியவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. மழை விட்டதும் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க நடந்து சிட்டாள் ஆச்சி வீட்டுக்கே போய்விட்டார். ஒருவர் மனசாரக் கொடுத்த பொருளைப் பாழாக்கிவிட்டு, அதைச் சொல்லாமல் அவர் முகத்தில் முழிப்பது மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம். திரும்பி வந்தபோது அவர் மேலே சாம்பல் நிறத்தில் வேறொரு ஸ்வெட்டர் இருந்தது.

"பூச்சி அரிச்சிருச்சு ஆச்சி, மன்னிக்கணும்னு சொன்னேன்" என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒன்னுமே சொல்லல அவுக. என்னயே பாத்துக்கிட்டு இருந்தாக. உள்ள போயி இத எடுத்தாந்து வச்சாக. கையில குடுக்கலப்பா, திண்டு மேல வச்சுட்டுப் போய்ட்டாக. ஒடம்புக்கு ஏதும் சொகமில்லையோ என்னமோ."

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த வள்ளிக்கண்ணுவின் காதில் அது விழுந்தது. ஆச்சிக்குத் தெரிந்துபோயிற்று. பொருட்காட்சியிலேயே தெரிந்துபோயிற்று. தெரிந்த இடத்தில் போய், ஒரு பாவமும் அறியாத மனுசன், அவள் சொல்லிக் கொடுத்த பொய்யைக் கை கூப்பிச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

கார்த்திகையில் ஆச்சி வீட்டில் கல்யாண வேலை தொடங்கியது. பந்தல் கால், மணவறை, கதவுகளுக்குப் புது வேலை. கூப்பிட்டு ஆள் வரும் என்று பெரியவர் உளிகளை எல்லாம் தீட்டி வைத்துக் காத்திருந்தார். ஆள் வரவில்லை. கல்லல் ஊரிலிருந்து வேறு ஆசாரியைக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று சிவசங்கரன் கேள்விப்பட்டு வந்து சொன்னான். பெரியவர் நம்பவில்லை. தெருமுனை வரைக்கும் போய், அந்த வீட்டு வாசலில் மரம் இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, தீட்டிய உளியையே மறுபடி கல்லில் வைத்துத் தேய்த்தார்.

"நான் என்ன தப்புச் செஞ்சேன்னு தெரியலையே" என்றார், யாரிடம் என்று இல்லாமல். "அந்த வீட்ல ஒரு ஆணி நான் தூக்கிட்டு வந்ததில்லையே."

வள்ளிக்கண்ணு வந்து அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கணவனும் அங்கேதான் இருந்தான். ஸ்வெட்டரைப் பிரித்தது, பிரித்து என்ன செய்தாள், சால்வை எங்கே போனது, ஆச்சி கேட்டது, அவள் சொன்னது, எல்லாவற்றையும் தலை நிமிராமல் சொல்லி முடித்தாள்.

சிவசங்கரன், "நீயா இப்பிடிப் பண்ணுன?" என்று கேட்டுவிட்டு வெளியே எழுந்து போனான். பெரியவர் உளியைத் துடைத்துக் கீழே வைத்தார்.

"ஸ்வெட்டரு கெடக்கட்டும்" என்றார் கடைசியில். "நூலு மேல ஒனக்கு ஆச, எடுத்துட்ட. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். ஆனா என்னய அந்த வீட்டு வாசல்ல நிப்பாட்டிப் பொய் சொல்ல வச்சுட்டியே, ஆத்தா."

சாம்பல் நிற ஸ்வெட்டரைக் கழற்றினார். கழற்றவே அவருக்கு மூச்சு வாங்கியது. மடித்து அவள் முன்னால் வைத்தார். "இத நீயே கொண்டுபோய்க் குடுத்து, நடந்ததச் சொல்லிட்டு வா. நான் போயிச் சொன்னா அவுக நம்ப மாட்டாக."

"குளிரு வருது மாமா. ஒங்களுக்கு..."

"கொண்டு போ."

அவள் தனியாகத்தான் போனாள். கல்யாண வீடு என்பதால் வளவெல்லாம் ஆட்கள். பின்கட்டு வாசலில் மடித்த ஸ்வெட்டரோடு நின்றவளை வேலைக்காரி பார்த்துப் போய்ச் சொல்ல, ஆச்சி வந்தார். வந்தவர் உட்காரவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. வள்ளிக்கண்ணு மறுபடி எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டில் சொன்னதைவிட இங்கே கடினமாக இருந்தது. பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த பெண்கள் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"அந்த உல்லன அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றார் ஆச்சி. "எங்க வீட்டுச் செட்டியார் மேல கெடந்தது, எனக்குத் தெரியாதா? அது பெருசில்ல. குடுத்தாச்சு, நீங்க போத்துவீக, பிரிப்பீக, அது ஒங்க பாடு. ஆனா இத்தன வருசமாப் பழகுன ஆசாரி என் முன்னால நின்னு பொய் சொல்றாகளேன்னு நெனச்சேன் பாரு, அதுதான் எனக்கு ரெண்டு நா சோறு எறங்கல. அவுகளுக்குத் தெரியாதுன்னு இப்பச் சொல்ற."

"தெரியாது ஆச்சி. சத்தியமாத் தெரியாது."

"நாளைக்கு அவுகள வரச் சொல்லு. கல்லல் ஆசாரி பந்தலப் பாக்கட்டும். மணவறை இவுக கையாலதான் ஆகணும்." ஆச்சி ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டார். "இனி இத அவுக போட மாட்டாக, எனக்குத் தெரியும். வச்சுட்டுப் போ."

அவள் திரும்பி நாலு எட்டு நடந்த பிறகு ஆச்சி பின்னாலிருந்து, "சால்வை நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். ஏசியிருந்தால்கூட வள்ளிக்கண்ணு தாங்கியிருப்பாள். தெரு முழுக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே நடந்தாள்.

மறுநாள் பெரியவர் வேலைக்குப் போனார். மணவறையை அவர்தான் செய்தார். ஆனால் மார்கழி பிறந்தபோது ஒரு துண்டை மட்டும் போர்த்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். விடிகாலையில் அந்த மூச்சுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வள்ளிக்கண்ணு எழுந்து வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார். திட்டவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

வெள்ளிச்சிமிழை அவள் நகை செய்கிற பத்தரிடம் கொண்டுபோய் விலைக்குப் போட்டாள். கிடைத்ததைக் கொண்டு பொன்னுத்தாயியின் புருசன் மதுரையிலிருந்து உல்லன் வாங்கி வந்து கொடுத்தான். அரக்கு நிறம்தான் கட்டுபடியானது. இராப்பகலாக அவள் பின்னிய ஸ்வெட்டர் பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் பெரியவர் தலையை விட்டபோது கழுத்து காதோடு நின்றுவிட்டது. மேலேயும் போகாமல் கீழேயும் வராமல், கம்பளிக்குள்ளிருந்து, "ஆத்தா, இருட்டா இருக்கு" என்றார். சிவசங்கரன் சிரித்துவிட்டான். பல வாரங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது. வள்ளிக்கண்ணு சிரிக்கவில்லை. பிரித்து, முன்பக்கம் திறந்து பித்தான் போடுகிற மாதிரி திரும்பப் பின்னினாள். கருங்காலித் துண்டில் சிவசங்கரன் பித்தான்கள் கடைந்து கொடுத்தான். தை பிறக்கும் முன்னால் பெரியவர் அதைப் போட்டுக்கொண்டு படுத்தார்.

அடுத்த வருசப் பொருட்காட்சிக்குப் பொன்னுத்தாயி வந்து கையைப் பிடித்து இழுத்தபோது, "என்ன முகத்த வச்சுக்கிட்டு வருவேன்?" என்று வள்ளிக்கண்ணு கதவைப் பிடித்துக்கொண்டாள். அதற்கடுத்த வருசம் போனாள். நூலைப் பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை, அதுதான் உண்மை. ஆனால் போட்டிக்கு எதையும் கொடுப்பதில்லை. ஆச்சி எதிரே வந்தால் தறிப்பக்கம் ஒதுங்கிக்கொள்வாள். ஆச்சி கூப்பிட்டுப் பேசினாலும் பதில் சொல்லிவிட்டுத் தரையைப் பார்ப்பாள். எழுபதுகளில் பிளாஸ்டிக் ஒயர்க் கூடை வந்து ஊரையே பிடித்துக்கொண்டபோது, தெருவிலேயே முதலில் பின்னியவள் அவள்தான். கேட்டவர்களுக்கெல்லாம் பின்னிக் கொடுத்தாள். ஒயரை அவர்களே வாங்கித் தர வேண்டும், மிச்ச ஒயர் எவ்வளவு சின்னத் துண்டானாலும் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

ஞானசம்பந்தம் ஆசாரி அதற்கப்புறம் ஏழெட்டு வருசம் இருந்தார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்ததில்லை. மார்கழிக் காலையில் வாசலில் வெயில் காய்ந்துகொண்டு இருப்பார். போகிற வருகிறவர்கள், "என்ன ஆசாரி, ஸ்வெட்டரு பிரமாதமா இருக்கே, எங்க வாங்குனீக?" என்று கேட்பார்கள்.

"வாங்குறதா? எம் மருமக பின்னுனது. மதுர அதிகாரி சம்சாரத்துக்கே பின்னிக் குடுத்த கையில்ல அது" என்பார் அவர், தெருவே கேட்கிற மாதிரி.

அவர் குத்திக் காட்டவில்லை. பெருமையாகத்தான் சொன்னார். அது வள்ளிக்கண்ணுவுக்கும் தெரியும். ஆனாலும் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தால்கூட, அந்தப் பேச்சு தொடங்கியதும் கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள்.